பத்துப் பேர் பந்தியில் பதினாறு இலை

டிஸ்கி: இது காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், கையில் முட்டை மாதிரி ஒரு பந்து, ஓடு, முட்டு, விழு என்று ஆடுகிறார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால். அதிலும் கல்லூரி ஃபுட்பால். விளையாட்டே பிடிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். பாதிக்கு மேல் கணக்குதான் :-)

ஒரேகான் மாநிலத்தில் கொர்வாலிஸ் என்று ஒரு ஊர். மொத்த ஜனத்தொகை சுமார் 60 ஆயிரம். அங்கே இருக்கிற ஒரேகான் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன்னுடைய ரெசர் ஸ்டேடியத்தின் மேற்குப் பக்கத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டு, சுமார் 16 கோடி டாலர் செலவில் புதிதாகக் கட்டியது. 2023 செப்டம்பரில் திறந்தார்கள். திறந்த அன்றைக்கு ஸ்டேடியம் புதுசு, பெயின்ட் வாசனை புதுசு, ஆனால் ஆட வேண்டிய கூட்டமைப்பு காலி! வீட்டுக்கு மாடி எடுத்துக் கட்டி முடிக்கிற நேரம் பார்த்துத் தெருவில் இருந்த மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு நிலைமை.

இது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவில் கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்புகளாகச் சேர்ந்துதான் ஆடுகின்றன. ஒரு கான்ஃபரன்ஸில் எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாறு, இப்போது பதினெட்டு என்றெல்லாம் உறுப்பினர்கள். ஆரம்பத்தில் இது பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து அட்டவணை போட்டுக்கொள்கிற ஏற்பாடுதான். பஸ்ஸில் போய் ஆடிவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். டிவி வந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. எந்த ஆட்டத்தை ஒளிபரப்புவது, யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு தன் கையில் வைத்திருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் கோர்ட்டுக்குப் போக, 1984ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் '7க்கு 2' என்று தீர்ப்புச் சொல்லி அந்தப் பிடியை உடைத்தது. அன்றிலிருந்து ஆட்டத்தை யார் வேண்டுமானாலும் விற்கலாம். கல்லூரிகள் தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்றால் விலை அதிகம். இப்படியாக, பஸ் ரூட்டுக்காகச் சேர்ந்த கூட்டமைப்பு, டிவி உரிமையை விற்கிற பங்காளிக் கம்பெனி ஆனது.

பங்காளிக் கம்பெனி என்றால் சும்மா உவமைக்காகச் சொன்னது இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல், நற்பெயர், தியாக விகிதம் என்று நான்கைந்து பாடம் வருமே, அதில் இருக்கிற ஒவ்வொன்றும் இங்கே உயிரோடு நடமாடுகிறது. புதுக் கூட்டாளி உள்ளே வந்தால் பழைய கூட்டாளிகள் தங்கள் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக வருகிறவர் நற்பெயர் கொண்டு வர வேண்டும். கொண்டு வரவில்லை என்றால்? விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்ததுதான்.

மேல்தட்டுக் கூட்டமைப்புகளுக்கு இதில் பெரிய கவலை இல்லை. பிக் டென் 2022ல் போட்ட டிவி ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல். அங்கே யார் வந்தாலும் சோறு உண்டு. கவலையெல்லாம் நடுத்தட்டுக்காரர்களுக்குத்தான். மவுண்டன் வெஸ்ட் என்ற கூட்டமைப்பு 2020ல் தொடங்கிய ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் பெற்றது மொத்தமே 27 கோடி டாலர். பிரித்தால் ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம். அதே சமயம் பக்கத்திலேயே இருந்த பேக்-12 கல்லூரிகள் ஆண்டுக்கு 3 கோடிக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தன. ஆடுவது ஒரே ஆட்டம். பந்தும் ஒன்றுதான்.

இந்த இடைவெளியைப் பார்க்கிற எவருக்கும் முதலில் தோன்றுகிற யோசனை: "நடுத்தட்டில் இருக்கிற ரெண்டு பேர் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் என்ன?" சேர்ந்தால் பலம், பேரம் பேச வசதி, டிவிக்காரன் மதிப்பான். கேட்க ரொம்ப நியாயமாக இருக்கிறது. முப்பது ஆண்டாக இந்த யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. வந்து என்ன ஆனது என்பதுதான் மேட்டர்.

முதல் கதை வெஸ்டர்ன் அத்லெடிக் கான்ஃபரன்ஸ். சுருக்கமாக 'வேக்'. 1962ல் தொடங்கியது. மலைப்பகுதிக் கல்லூரிகள்தான் அதிகம்: பிரிகாம் யங், யூட்டா, வயோமிங், கொலராடோ ஸ்டேட், ஏர் ஃபோர்ஸ் அகாடமி இப்படி. 1984ல் பிரிகாம் யங் தேசிய சாம்பியனே ஆனது. டெக்சாஸில் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற பழம்பெரும் கூட்டமைப்பு 1995 சீசனோடு கலைந்தபோது, அதில் பெரிய நான்கு பேரை பிக் எய்ட் கொத்திக்கொண்டு போய் பிக் 12 ஆனது. மிச்சம் நின்றவர்களில் ரைஸ், எஸ்எம்யூ, டிசியூ மூன்றையும் வேக் சேர்த்துக்கொண்டது. கூடவே சான் ஹோசே ஸ்டேட், யுஎன்எல்வி, டல்சா. பத்தாக இருந்தது 1996ல் ஒரே அடியாகப் பதினாறு.

மேப்பை எடுத்துப் பாருங்கள். ஹவாயிலிருந்து ஓக்லஹோமா வரை ஒன்பது மாநிலங்கள், நான்கு நேர மண்டலங்கள். பதினாறு பேரை நான்கு நான்காகப் பிரித்து, எந்த நான்கு எந்த நான்கோடு எந்த வருஷம் ஆடும் என்று சுழற்சி முறை ஒன்று வைத்தார்கள். அதைப் புரிந்துகொள்ளத் தனியாகக் கோச்சிங் கிளாஸ் வைக்க வேண்டும். நூறு வருஷப் பகையாளியோடு இந்த ஆண்டு ஆட்டம் உண்டா இல்லையா என்று ரசிகருக்கே தெரியாது.

சரி, பலமாவது வந்ததா? முதல் சீசனையே பாருங்கள். 1996ல் பிரிகாம் யங் 14 ஜெயித்து 1 தோற்றது. தேசிய அளவில் ஐந்தாம் இடம். ஆனாலும் பெரிய கிண்ணப் போட்டிகளை நடத்திய அப்போதைய ஏற்பாட்டில் அதற்கு இடம் தரவில்லை. காட்டன் பவுல் போய் ஜெயித்துவிட்டு வந்தது. அதைவிடக் கொடுமை வயோமிங். 10 ஜெயம், 2 தோல்வி. அதில் ஒரு தோல்வி, கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் மூன்று புள்ளியில் போனது. எந்தக் கிண்ணப் போட்டிக்கும் அழைப்பு இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தது. பதினாறு பேர் கூட்டமைப்பில் இரண்டாவது நல்ல அணிக்கு டிசம்பரில் வேலை இல்லை!

பந்தியில் இலை மட்டும் கூடியது. அண்டாவில் சோறு அதேதான்.

1998ல் பிரிகாம் யங், யூட்டா, ஏர் ஃபோர்ஸ், கொலராடோ ஸ்டேட், வயோமிங் ஆகிய ஐந்து பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் டென்வர் விமான நிலையத்தில் சந்தித்தார்கள். ஊர் ஊராகப் பறந்தே சோர்ந்துபோனவர்கள் விமான நிலையத்திலேயே பேசி முடித்தது பொருத்தம்தான். நியூ மெக்சிகோ, சான் டியேகோ ஸ்டேட், யுஎன்எல்வி மூன்றையும் கூட்டிக்கொண்டு எட்டுப் பேராக வெளியே போய் 1999ல் மவுண்டன் வெஸ்ட் தொடங்கினார்கள். மிச்சம் எட்டுப் பேர் பழைய பெயர்ப்பலகையோடு நின்றார்கள். அந்த எட்டில் ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் ஹோசே ஸ்டேட் இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்கள்.

நடுவில் ஒரு கிளைக்கதை. 1995ல் மெட்ரோ கான்ஃபரன்ஸும் கிரேட் மிட்வெஸ்ட் கான்ஃபரன்ஸும் இணைந்து கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏ பிறந்தது. நிஜமான இணைப்பு. ஆனால் இணைந்தபோது எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. டேட்டன், விசியு, வர்ஜீனியா டெக் மூன்றையும் கழற்றிவிட்டார்கள். கழற்றிவிடப்பட்ட வர்ஜீனியா டெக் ஃபுட்பாலில் ஏற்கெனவே பிக் ஈஸ்டில் ஆடிக்கொண்டிருந்தது. 1999 சீசனில் மைக்கேல் விக் என்ற பையனை வைத்துக்கொண்டு தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவர்கூட இன்றுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "உன்னால் எங்களுக்கு என்ன லாபம்" என்று கேட்கிறவர்கள் சில சமயம் கேள்வியைத் தப்பான ஆளிடம் கேட்டுவிடுகிறார்கள்.

மவுண்டன் வெஸ்டுக்குத் திரும்பலாம். தனியாகப் போன எட்டுப் பேர் நன்றாகவே ஆடினார்கள். 2004ல் யூட்டா ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் முடித்தது. 2008 சீசனில் மறுபடி தோல்வியில்லை, சுகர் பவுலில் அலபாமாவையே 31-17 என்று கவிழ்த்தது. பிற்பாடு வந்து சேர்ந்த டிசியூ 2010 சீசனில் தோல்வியில்லாமல் ரோஸ் பவுலில் விஸ்கான்சினை 21-19 என்று ஜெயித்தது. இன்னொரு பக்கம் பழைய வேக்கில் புதிதாக முளைத்த பாய்சி ஸ்டேட், 2007 புத்தாண்டு ராத்திரி ஃபியஸ்டா பவுலில் ஓக்லஹோமாவை 43-42 என்று கூடுதல் நேரத்தில் வீழ்த்தியது. நீல நிறத்தில் புல்தரை போட்டு ஆடுகிற கல்லூரி அது. அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை யூட்யூபில் தேடிப் பாருங்கள், விதி எதுவும் தெரியாமலே நாற்காலி நுனிக்கு வந்துவிடுவீர்கள்.

ஜெயித்தால் என்ன ஆகும்? மேல்தட்டுக்காரன் வந்து கூப்பிடுவான். யூட்டா 2011ல் பேக்-12 போனது. டிசியூ 2012ல் பிக் 12 போனது. (டிசியூ மாதிரி வீடு மாறியவர்கள் குறைவு. சவுத்வெஸ்ட், வேக், கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏ, மவுண்டன் வெஸ்ட், நடுவில் பிக் ஈஸ்டுக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு நாள்கூட ஆடாமல் பிக் 12. கேஸ் கனெக்‌ஷன் மாற்றவே நேரம் இருந்திருக்காது.) பிரிகாம் யங் 2011ல் தனிக்கட்டை ஆனது.

நடுத்தட்டு இணைப்பின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. யாரை நம்பி இணைகிறோமோ, அவர்தான் முதலில் கிளம்பப் போகிறவர். நற்பெயர் கொண்டு வந்த கூட்டாளி போகும்போது அதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மிச்சம் இருப்பது தியாக விகிதம் மட்டும்.

ஆள் போகப் போக, பயம் வரும். பயம் வந்தால் இணைப்புப் பேச்சு வரும். 2011 அக்டோபரில் மவுண்டன் வெஸ்டும் கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏவும் ஃபுட்பாலில் மட்டும் சேர்ந்து ஆடப்போவதாக அறிவித்தன. அந்த டிசம்பரிலேயே பிக் ஈஸ்ட் வந்து இங்கிருந்து பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், அங்கிருந்து ஹூஸ்டன், எஸ்எம்யூ, யுசிஎஃப் என்று பொறுக்கியது. 2012 பிப்ரவரியில் இரண்டு கூட்டமைப்புகளும் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டையும் கலைத்துவிட்டு ஒரே புதுக் கூட்டமைப்பாக எழுவோம் என்று அறிவித்தன. கடற்கரை முதல் கடற்கரை வரை, அதற்கும் அப்பால் ஹவாய் வரை. கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

நடக்கவில்லை. ஏன் என்பதுதான் காமர்ஸ்காரர்களுக்கு ருசியான இடம்.

அமெரிக்காவில் மார்ச் மாதம் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி ஒன்று நடக்கும். அதில் ஒரு அணி ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு 'யூனிட்' கணக்கு. அந்த யூனிட்டுக்கான பணம் அடுத்த ஆறு ஆண்டுக்குத் தவணையாக வந்துகொண்டே இருக்கும். பணம் வருவது கல்லூரிக்கு இல்லை, கூட்டமைப்புக்கு. கூட்டமைப்பைக் கலைத்தால் வரவேண்டிய தவணைக்கு உரிமை கொண்டாட ஆள் கிடையாது. இது ஒன்று. விலகிப் போகிறவர்கள் கட்ட வேண்டிய விலகல் கட்டணம் இருக்கிறதே, அதை வாங்கிக்கொள்ளவும் கூட்டமைப்பு உயிரோடு இருக்க வேண்டும். இது இரண்டு. ஒவ்வொரு கூட்டமைப்பின் சாம்பியனுக்கும் மார்ச் போட்டியில் நேரடி இடம் உண்டு. இரண்டு ஒன்றானால் இரண்டு இடம் ஒன்றாகிவிடும். ஃபுட்பால் பிளே ஆஃபை நிர்வகிக்கிற குழுவிலும் கூட்டமைப்புக்கு ஒரு கமிஷனர்தான் உட்காரலாம். ஆக இணைப்பு என்பது வரவுப் பக்கத்தில் 'பேரம் பேசும் சக்தி' என்று பென்சிலால் எழுதிய ஒரு வரி, பற்றுப் பக்கத்தில் பேனாவால் எழுதிய நான்கு வரி. எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

கலைப்பு யோசனையைக் கைவிட்டு, இரண்டு பேரும் பழையபடி தனித்தனியாக ஆள் பிடிக்கக் கிளம்பினார்கள். எங்கே பிடித்தார்கள்? வேக்கில்! ஃப்ரெஸ்னோவும் நெவாடாவும் 2010லேயே மவுண்டன் வெஸ்டுக்குக் கிளம்ப முடிவெடுத்திருந்தன. 2012 மே மாதம் சான் ஹோசே ஸ்டேட்டும் யூட்டா ஸ்டேட்டும் அதே பக்கம். லூசியானா டெக், யுடிஎஸ்ஏ அந்தப் பக்கம். இணையப் போன இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள், சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் படுத்துவிட்டார். 2012 சீசனோடு வேக் பெரிய அளவு ஃபுட்பாலை நிறுத்தியது. ஒரு காலத்தில் பதினாறு இலை போட்ட வீடு.

பாய்சி ஸ்டேட் கதை இன்னும் வேடிக்கை. பிக் ஈஸ்ட் கண்ணெதிரே கரைவதைப் பார்த்துவிட்டு 2012 டிசம்பர் 31ம் தேதி, போகாமலே மவுண்டன் வெஸ்டுக்குத் திரும்பிவிட்டது. திரும்பியது சும்மா இல்லை, தன் டிவி வருமானத்தில் தனக்குக் கூடுதல் பங்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு. 2020 ஒப்பந்தத்தில் அது மற்றவர்களைவிட ஆண்டுக்கு 18 லட்சம் டாலர் அதிகம். மற்ற பங்காளிகளுக்கு எரிச்சல். "ஒரே பந்தியில் அவனுக்கு மட்டும் ரெண்டு வடையா?" எரிச்சல் நியாயம்தான். ஆனால் டிவிக்காரன் வருவதே அந்த நீலத் தரையைப் பார்க்க என்பதும் நிஜம். சமமாகப் பிரித்தால் பெரியவன் போவான், பெரியவனுக்குக் கூட்டிக் கொடுத்தால் சின்னவன் முணுமுணுப்பான். பெரியவனுக்குக் கூட்டிக் கொடுத்ததுதான் சரி என்று தோன்றுகிறது. அந்தப் பதினெட்டு லட்சம் பன்னிரண்டு ஆண்டு அவனைப் பிடித்து வைத்தது, மலிவு விலை.

பிடித்தது அவ்வளவுதான். இப்போது கொர்வாலிஸுக்குத் திரும்பலாம்.

2022 ஜூன் 30ம் தேதி யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பேக்-12ஐ விட்டு பிக் டென் போவதாக அறிவித்தன. ஒரு ஆண்டு இழுத்தடித்த டிவி பேச்சு தோல்வி. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4ம் தேதி ஒரே நாளில் ஐந்து பேர்: ஒரேகான், வாஷிங்டன், யூட்டா, அரிசோனா, அரிசோனா ஸ்டேட். செப்டம்பர் 1ம் தேதி ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. பசிபிக் கரையில் உட்கார்ந்துகொண்டு அட்லாண்டிக் கூட்டமைப்பு! நீச்சல் குளத்துக்கும் வாலிபால் கோர்ட்டுக்கும் செமஸ்டர் நடுவில் கண்டம் தாண்டிப் பறக்கப் போகிற பிள்ளைகளை யாரும் கேட்டமாதிரி தெரியவில்லை.

பன்னிரண்டில் மிச்சம் இரண்டு. கொர்வாலிஸின் ஒரேகான் ஸ்டேட், புல்மனின் வாஷிங்டன் ஸ்டேட். புல்மன் இன்னும் சின்ன ஊர், முப்பதாயிரம் சொச்சம். ஆட்ட நாளில் ஸ்டேடியத்தில் இருப்பவர்கள் ஊர் ஜனத்தொகைக்குச் சமம். இலையுதிர் காலத்தில் ஆறேழு சனிக்கிழமைகளை நம்பித்தான் அங்கே ஓட்டலும் லாட்ஜும் நடக்கின்றன. ஆண்டுக்கு மூன்று கோடி வந்த இடத்தில் இனி நாற்பது லட்சம் என்றால் அடி ஃபுட்பாலுக்கு மட்டும் விழாது, கல்லூரியின் எல்லா விளையாட்டுக்கும் விழும்.

எல்லோரும் என்ன சொன்னார்கள்? "பேசாமல் மவுண்டன் வெஸ்டில் போய்ச் சேருங்கள்." இல்லையென்றால் மவுண்டன் வெஸ்ட் முழுவதும் பேக்-12 பெயருக்கு மாறட்டும். தலைகீழ் இணைப்பு. யோசனை மோசமில்லை.

ஆனால் இந்த இரண்டு பேரும் செய்த முதல் காரியம் கோர்ட்டுக்குப் போனது. விலகப் போகிறேன் என்று சொன்ன பத்துப் பேருக்குக் கம்பெனியை நிர்வகிக்க இனி ஓட்டு இல்லை என்று வாதாடினார்கள். 2023 நவம்பரில் வாஷிங்டன் மாநில நீதிபதி ஒருவர் இவர்கள் பக்கம் உத்தரவிட, டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. பத்துப் பேர் இறங்கிப்போன பஸ்ஸுக்கு, மிச்சம் இருந்த இரண்டு பயணிகள் முதலாளி ஆனார்கள். பஸ்ஸின் பெயர், கூடைப்பந்து யூனிட் தவணைகள், பிளே ஆஃப் பங்கு எல்லாம் இவர்கள் கையில். 2012ல் அந்த இரண்டு கூட்டமைப்புகள் தாமதமாகக் கண்டுபிடித்த பாடத்தை இவர்கள் முதல் நாளிலேயே தெரிந்துவைத்திருந்தார்கள். எதை வேண்டுமானாலும் செய், கம்பெனியை மட்டும் கலைக்காதே.

ஒரு கூட்டமைப்புக்கு எட்டு உறுப்பினர் வேண்டும். குறைந்தால் சரிசெய்துகொள்ள இரண்டு ஆண்டு அவகாசம். அதுவரை ஆட ஆள் வேண்டுமே? மவுண்டன் வெஸ்டிடம் போய் 2024 சீசனுக்கு ஆளுக்கு ஆறு ஆட்டம் வாங்கினார்கள். விலை 1 கோடியே 40 லட்சம் டாலர். மவுண்டன் வெஸ்ட் ஏமாளி இல்லை. "எங்களிடமிருந்து ஆளைத் தூக்கினால் முதல் ஆளுக்கு 1 கோடி, அடுத்தடுத்த ஒவ்வொரு ஆளுக்கும் 5 லட்சம் கூடுதலாக அபராதம்" என்று ஒரு ஷரத்து போட்டது. வாடகைக்கு விடும்போதே "என் பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடினால் இவ்வளவு" என்று எழுதி வாங்கின மாதிரி.

இழுத்துக்கொண்டுதான் ஓடினார்கள். 2024 செப்டம்பர் 12ம் தேதி பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் நான்கும் 2026ல் பேக்-12ல் சேரப்போவதாக அறிவிப்பு. பதினொரு நாள் கழித்து யூட்டா ஸ்டேட். கூட்டிப் பாருங்கள்: 100 லட்சம், 105, 110, 115, 120. மொத்தம் 550 லட்சம், அதாவது ஐந்தரைக் கோடி டாலர். விலகுகிற கல்லூரிகள் கட்ட வேண்டிய கட்டணம் தனி. அபராதம் கட்டச் சொன்னதும், அந்த ஷரத்தே போட்டியைத் தடுக்கிற சட்டவிரோத ஷரத்து என்று பேக்-12 கோர்ட்டில் வழக்குப் போட்டது. ஆட்டத்துக்கு வழியில்லாமல் தவித்த நேரத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்பது வாதம். இருக்கலாம். ஆனால் தவித்த நேரத்தில் இலையில் பரிமாறியவனும் அவன்தானே!

அடுத்து கிழக்கே திரும்பி அமெரிக்கன் கான்ஃபரன்ஸின் மெம்ஃபிஸ், டுலேன், சவுத் ஃப்ளோரிடா, யுடிஎஸ்ஏ நான்கையும் கூப்பிட்டார்கள். நான்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இருக்கிற இடமே போதும் என்று சொல்லிவிட்டன. ஃபுட்பாலே ஆடாத கொன்சாகா கூடைப்பந்துக்காக வந்தது. எட்டாவது ஃபுட்பால் உறுப்பினராக டெக்சாஸ் ஸ்டேட் 2025 ஜூன் கடைசியில்தான் கிடைத்தது. சரியாக எட்டு. பாஸ் மார்க்.

இணைப்பு ஒருபோதும் தேறாது என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. 2021 அக்டோபரில் கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏ, அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்கு ஒரு யோசனை அனுப்பியது. தூரம் பார்த்து எல்லோரையும் மறுபடி பிரித்துக்கொள்வோம், விமானச் செலவு மிஞ்சும் என்று. நல்ல யோசனை. கிடைத்த பதில் என்ன தெரியுமா? அமெரிக்கன் அதே மாதம் அங்கிருந்து ஆறு கல்லூரிகளைத் தூக்கிக்கொண்டது. இன்னும் மூன்று சன் பெல்ட் போனது. பதினாலில் மிச்சம் ஐந்து.

அந்த சன் பெல்ட்தான் கவனிக்க வேண்டிய ஆள். அது யாரோடும் இணையவில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், யாரோடு ஆடினால் ரசிகன் காரை எடுத்துக்கொண்டு வருவான் என்று பார்த்து, மார்ஷல், ஓல்ட் டொமினியன், சதர்ன் மிஸ், ஜேம்ஸ் மேடிசன் என்று 2022ல் சேர்த்துக்கொண்டது. 2025 சீசனில் ஜேம்ஸ் மேடிசன் அந்தக் கூட்டமைப்பின் சாம்பியனாக, பன்னிரண்டு பேர் ஆடுகிற தேசிய பிளே ஆஃபுக்கே போனது. ஒரேகானிடம் 51-34 என்று தோற்றது என்பது வேறு விஷயம். பஸ் ரூட் கணக்கு இன்னும் செத்துவிடவில்லை.

மவுண்டன் வெஸ்ட் பக்கம் மிஞ்சியவர்களைப் பார்த்தால் கொஞ்சம் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. 1998ல் டென்வரில் உட்கார்ந்து மற்றவர்களை விட்டுவிட்டுப் போக முடிவெடுத்த ஐவரில் வயோமிங்கும் ஒன்று. 2024ல் அதே வயோமிங் விடப்பட்ட பக்கத்தில் நிற்கிறது. 1998ல் விடப்பட்ட ஃப்ரெஸ்னோ, 2010ல் ஒருமுறை, 2024ல் ஒருமுறை என்று இரண்டு தடவை மற்றவர்களை விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறது. சான் ஹோசே ஸ்டேட் மட்டும் பாவம், அப்போதும் விடப்பட்டவர், இப்போதும் விடப்பட்டவர். யுஎன்எல்வியும் ஏர் ஃபோர்ஸும் போகலாமா இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இருந்தால் பெரிய தொகை தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து நிறுத்தினார்கள். தொகை எங்கிருந்து? விலகியவர்கள் கட்டப்போகிற பணத்திலிருந்து. கோர்ட்டுக்கு வழக்காகப் போனதே, அந்தப் பணம்.

புதிய பேக்-12க்கு 2026 ஜூலை 1 என்று தேதி குறித்தார்கள். அதற்கு முந்தைய 2025 சீசனுக்கு மவுண்டன் வெஸ்டோடு பேச்சு முறிந்துபோனதால், மிஞ்சிய இரண்டு பேரும் அட்டவணையை நிரப்ப ஊர் ஊராக எதிராளி தேடினார்கள். போதவில்லை. கடைசியில் ஒரே மாதத்தில் ஒருவரோடு ஒருவரே இரண்டு தடவை ஆடிக்கொண்டார்கள். நவம்பர் 1ம் தேதி அந்தப் பதினாறு கோடி டாலர் ஸ்டேடியத்தில் ஒரேகான் ஸ்டேட் ஜெயித்தது. நவம்பர் 29ம் தேதி புல்மனில் வாஷிங்டன் ஸ்டேட் ஜெயித்தது.